வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவது: மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டன், டொரொன்டோ, சூரிச், டோகா என்று போனவர்களின் வீடுகள் கல்லடியிலும் கல்குடாவிலும் உல்லை என்கிற அறுகம்பையிலும் வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. அதே தெருவால் வெள்ளைக்காரர் முதுகுப் பையோடு அறை தேடித் திரிகிறார்கள். ஆடி, ஆவணி விடுமுறைக்கு வந்து இரண்டையும் பார்த்தவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். கேட்டவர் வாயில் வந்தபடியே அவற்றை எழுதிப் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். ஐந்தாறு அறைக்கு மேற்படாத வீடுகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதினேன். ஹோட்டல் கட்ட நினைப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

எங்கட சொந்த வீட்டை வாடகைக்கு விடவும் லைசன்ஸ் வேணுமா?

யாருக்கு, எப்படி விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இடமாற்றம் பெற்று வந்த ஆசிரியருக்கோ வங்கி உத்தியோகத்தருக்கோ மாத வாடகைக்குக் கொடுத்தால் இந்தக் கதையே வராது. சுற்றுலாப் பயணிக்கு இரவுக் கணக்கில் காசுக்கு விட்டால் உங்கள் வீடு சுற்றுலாத் தங்குமிடம் ஆகிவிடும். அப்படியானால் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து, ஆண்டுதோறும் உரிமம் புதுப்பித்துத்தான் நடத்தலாம்.

லண்டனில் இருந்து வரும் மச்சான் குடும்பம் சும்மா வந்து தங்கிப் போவதற்கு யாரும் உரிமம் கேட்பதில்லை.

யாரிட்ட எடுக்கிறது? பிரதேச சபையிலயா, கச்சேரியிலயா, கொழும்பிலயா?

முடிவாக உரிமம் தருவது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. அதன் தலைமையகம் கொழும்பு காலி வீதியில் இருக்கிறது. இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே கொடுக்க வேண்டிய கடதாசிகள் எல்லாம் ஊரில்தான் பிறக்கின்றன. காணி உறுதி, அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், வியாபாரப் பெயர்ப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் சான்று, உள்ளூராட்சிச் சபையின் அனுமதிப்பத்திரம், சுகாதாரப் பக்கத்துச் சான்றுகள் ஆகியவற்றைக் கீழிருந்து மேலாகச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். கொழும்பில் இழுபடுகிறது என்று என்னிடம் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில் காணிக் கடதாசியில்தான் இழுபட்டன.

உங்கள் சபை எது என்று முதலில் பாருங்கள். கல்லடி, நாவற்குடா என்றால் மட்டக்களப்பு மாநகர சபை. பாசிக்குடா, கல்குடா வாழைச்சேனையில் உள்ள கோறளைப்பற்றுப் பிரதேச சபைக்குள் வரும். புன்னைக்குடா செங்கலடிப் பக்கத்து ஏறாவூர்ப்பற்று. உல்லை பொத்துவில் பிரதேச சபைக்குக் கீழ். பாணமை லாகுகலைக்குள் போகும். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அங்கே சுற்றுலாவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யாரென்று விசாரித்து அவரோடு ஒருமுறை கதைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தேவையில்லாத அலைச்சல் குறையும்.

வீட்டில அம்மா தனியத்தான் இருக்கா. ரெண்டு அறை சும்மா கிடக்கு. இது எந்த வகைக்குள்ள வரும்?

ஹோம்ஸ்டே. குடும்பம் குடியிருக்கும் வீட்டிலேயே விருந்தாளிக்கு அறை கொடுப்பதுதான் அந்த வகை. இருப்பவற்றில் எளிதானதும் இதுதான். அம்மாதான் வீட்டுக்காரி, அம்மாதான் விண்ணப்பதாரி. சூரிச்சில் இருக்கும் மகன் தன் பெயரில் போட்டுவிட்டு அம்மாவை வேலையாள் போல் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஒன்றை மட்டும் யோசியுங்கள். காலையில் புட்டும் மீன்குழம்பும் எருமைத் தயிரும் வைத்து உபசரிக்க அம்மாவுக்கு ஆசை இருக்கலாம். இரவு பதினொரு மணிக்குத் திருகோணமலையில் இருந்து வந்து இறங்குகிறவருக்குக் கதவு திறக்க அவரால் முடியுமா? முடியாதென்றால் பக்கத்து வளவில் இருக்கும் மச்சாளையோ பெறாமகளையோ இப்போதே பேசி வையுங்கள். அவர்களுக்கு ஒரு பங்கு கொடுப்பதையும் வாய்ப்பேச்சோடு விடாமல் முடிவாகப் பேசிக்கொள்ளுங்கள்.

எங்கட வீட்டில ஒருத்தரும் இல்ல. ராவைக்கு ஒரு அண்ணன் காவலுக்குப் படுப்பார். அதையும் ஹோம்ஸ்டே எண்டு போடலாமா?

போட முடியாது. காவலுக்குப் படுப்பவர் குடியிருக்கும் குடும்பம் ஆக மாட்டார். வீட்டை முழுதாக விடுவதற்கு வாடகை வீடு, பங்களா என்று தனி வகைகள் இருக்கின்றன. அறை அறையாகக் கூலிக்கு விட்டு ஆள் வைத்து நடத்தினால் கெஸ்ட் ஹவுஸ் பக்கம் போகும். அறை எண்ணிக்கை, குளியலறை, வரவேற்பு, சமையலறை என்று ஒவ்வொரு வகைக்கும் தனி நிபந்தனைகள் உண்டு. அதிகார சபையின் உத்தியோகத்தர் நேரில் வந்துதான் பார்ப்பார். வகையை மாற்றிப் போட்டால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

வீடு மனுசிட பேரில. நான் போட்டாச் சரிவராதா?

நம்முடைய பக்கத்தில் இது பாதிப் பேரின் கதை. மகளுக்குத்தான் வீடு கொடுப்பது கிழக்கு வழக்கம், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். ஆகவே வெளிநாட்டில் உழைத்து மேல்மாடி போட்டவர் கணவராக இருந்தாலும் உறுதி மனைவியின் பெயரிலேயே இருக்கும். சில வீடுகளில் இன்னும் மாமியின் பெயரில்.

விண்ணப்பிப்பவருக்கு அந்த இடத்தில் தொழில் நடத்த உரிமை இருக்கிறது என்று கடதாசியில் காட்ட வேண்டும். மனைவியே விண்ணப்பிப்பது நேர்வழி. கணவர்தான் நடத்துவது என்றால் மனைவி நொத்தாரிசு முன் குத்தகை எழுதிக் கொடுக்கலாம். மாமியின் பெயரில் இருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் சரி செய்யுங்கள். பிறகு ஐந்து பிள்ளைகள் ஐந்து நாட்டில் இருந்து கையெழுத்துப் போட வேண்டிவரும், அதில் ஒருவர் கட்டாயம் கோபமாக இருப்பார்.

நான் கட்டாரில. ஒவ்வொரு கடதாசிக்கும் பறந்து வரேலுமா?

வரத் தேவையில்லை. ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதிக் கொடுக்கலாம். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்தை உறுதிப்படுத்தி அனுப்பி, இங்கே பதிவாளர் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாத அற்றோணியைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைவதில் பயனில்லை.

எழுதும்போது அதிகாரத்தை அளந்து கொடுங்கள். உரிமத்துக்கு விண்ணப்பிக்க, சபைக்குக் கட்டணம் கட்ட, மின்சாரச் சபையோடு தொடர்புகொள்ள என்று வேலைகளைக் குறிப்பிட்டாலே போதும். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் உள்ள முழு அற்றோணியை, ஹோம்ஸ்டே உரிமத்துக்காகத் தம்பியானாலும் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு இப்ப கனடாப் பாஸ்போட். வீடு என்ட பேரில இருக்கேலுமா?

வீடு எப்படி உங்களிடம் வந்தது என்பதைப் பொறுத்தது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்கு இலங்கைக் காணியை உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1இல் இருந்து நடந்த மாற்றங்களுக்கு அது பொருந்தும். அந்தத் தடையில் விதிவிலக்குகளும் உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை. பெற்றோர் போன்ற நெருங்கிய உரித்தாளரிடம் இருந்து முதுசமாகவோ நன்கொடையாகவோ வந்ததற்கும் இடம் இருக்கிறது. ஆனால் கனடாக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமை இழந்த பிறகு உல்லையில் புதிதாக ஒரு துண்டு வாங்கி உறுதி முடிப்பது நடக்காது. சிநேகிதர் பெயரில் வாங்கி வைப்போம் என்பது இன்னும் மோசம். சட்டத்தின் கண்ணில் அது சிநேகிதரின் காணிதான்.

திரும்பத் திரும்ப வந்துபோகிற எண்ணம் இருந்தால் இரட்டைக் குடியுரிமையை முதலில் எடுங்கள். அடுத்த கேள்விக்கும் அதுவே மருந்து.

சீசனுக்கு நானே வந்து நிண்டு நடத்தினா என்ன? என்ட வீடுதானே?

இலங்கைக் குடியுரிமை இருந்தால் தாராளமாக. வெளிநாட்டுப் பாஸ்போட்டில் சுற்றுலா விசா குத்தி வந்திருந்தால் அந்த விசா தொழில் செய்வதற்கானது அல்ல. வீடு உங்களுடையது என்பதால் அது மாறாது. சுற்றுலா விசாவில் வந்து அறுகம்பையில் கடை நடத்தும் வெளிநாட்டவரைப் பற்றி ஊரே முறையிடுகிறது. நம்மவர் ஒருவர் அதையே செய்தால் சட்டம் வேறு கண்ணால் பார்க்காது. உரிமம் ஊரில் இருக்கும் குடிமகன் ஒருவரின் பெயரில் இருக்கட்டும். நீங்கள் வந்து திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்.

எங்கடது பெர்மிட் காணி. உறுதி இல்ல. அதுக்கு என்ன வழி?

இதற்குத்தான் அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மாவட்டத்திலும் குடியேற்றக் காணிகளும் அரச காணிகளும் ஏராளம். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிட்டோ அளிப்போ உங்களுக்குக் குடியிருக்கவும் பயிர் செய்யவும் உரிமை தருகிறது. உறுதிக் காணி போல் நினைத்தபடி கைமாற்றவோ குத்தகைக்கு விடவோ அதில் முடியாது. பிரதேச செயலாளரைக் கேட்காமல் எழுதிய துண்டுகள், நொத்தாரிசு முத்திரை குத்தியிருந்தாலும், செல்லாது.

முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய் உங்கள் பெர்மிட் எந்தச் சட்டத்தின் கீழானது, காணிக் கோவையில் யார் பெயர் இருக்கிறது, அவருக்குப் பின் உரிமை பெறும் பின்னுரித்தாளர் யார் என்று பாருங்கள். நாற்பது வருடத்துக்கு முன் இறந்த அப்பப்பாவின் பெயர் அப்படியே கிடப்பது அதிசயம் இல்லை. பெயரைச் சரி செய்தபின், வீட்டில் குடும்பம் இருந்தபடி அறை கொடுக்கும் எண்ணம் என்றால் அதை எழுத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள். முழு வீட்டையும் தொழிலாக நடத்துவதானால், அரச காணியை வியாபாரத் தேவைக்கு நீண்டகாலக் குத்தகையில் பெறும் வழி இருக்கிறது. அது பொதுவாக 30 ஆண்டுக் குத்தகை.

இதைத் தாண்டாமல் குளிரூட்டிக்கும் நீச்சல் தடாகத்துக்கும் காசு போடாதீர்கள். பெர்மிட்டின் நிபந்தனையை மீறினால் பெர்மிட்டையே ரத்துச் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

உறுதி சுனாமியோட போயிட்டு. இப்ப கையில ஒண்டும் இல்ல.

கையில் இருந்தது போனாலும் பதிவு இருக்கும். மட்டக்களப்பு அல்லது கல்முனைக் காணிப் பதிவகத்தில் உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசு, திகதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை வைத்துத் தேடி உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் பக்கத்து வளவுக்காரரின் உறுதியைப் பாருங்கள். ஒரே பெரிய காணியில் இருந்து பிரிந்ததென்றால் அதில் இருந்து நூல் பிடித்துப் போகலாம்.

வீடு கடலுக்குக் கிட்ட. மேல ரெண்டு அறை போட யோசனை.

கரையோரம் பேணல் திணைக்களத்திடம் முதலில் கேளுங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி உயர்நீர் மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் போடத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இது கடலுக்கு மட்டும் என்று வாவிக்கரைக்காரர் நிம்மதியாக இருக்கக் கூடாது. 2011இல் வந்த திருத்தம் களப்பு போன்ற நீர்நிலைகளின் ஓரத்தில் 100 மீற்றர் வரை வலயத்தை நீட்டியது.

சுனாமிக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று சொல்லிப் பின்பு தளர்த்திய கதை பலருக்கு நினைவிருக்கும். “அப்பவே விட்டுட்டாங்க, இப்ப பிரச்சினையில்ல” என்று அதை வைத்துச் சொல்பவர்களின் பேச்சில் கட்டடம் எழுப்ப வேண்டாம். அது வேறு விதி, இது வேறு.

பிளான் பாஸ் பண்ணாமலே கட்டிட்டம். இப்ப மாட்டுப்படுமா?

மாட்டுப்படும், ஆனால் பெரும்பாலும் திருத்தக்கூடியது. உள்ளதை உள்ளபடி வரைந்து சபையில் கொடுத்து, தண்டப்பணம் கட்டி அங்கீகாரம் கேட்கலாம். எல்லைச் சுவருக்கு ஒட்டிக் கட்டியவர்களுக்கும் வீதிக்குள் படி நீட்டியவர்களுக்கும்தான் உண்மையான சிக்கல். கரையோர வலயத்துக்குள் என்றால் முந்திய பதிலையும் சேர்த்துப் பாருங்கள்.

பி.எச்.ஐ. வந்தா எதைப் பாப்பார்?

பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிணற்றையும் மலகூடக் குழியையும்தான் முதலில் பார்ப்பார். நம்முடைய கரையோர மண் முழுக்க மணல், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். மாரியில் இன்னும் ஏறும். குழியில் ஊறுவது வடிகட்டாமல் கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக தூரம் தேவையில்லை. நான்கு பேர் இருந்த வீட்டில் பத்துப் பேர் குளித்தால் பழைய குழி தாங்காது. இரண்டுக்கும் இடையில் போதிய தூரம் இல்லையென்றால், அடைத்துக் கட்டிய செப்டிக் தொட்டிக்கு மாறுங்கள். வேறு எதைத் திருத்தாவிட்டாலும் இதைத் திருத்துங்கள். குழாய்த் தண்ணீர் இணைப்பு இருந்தால் சமையலுக்கும் குடிக்கவும் அதையே கொடுத்து, கிணற்றை மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் ஆய்வுகூட அறிக்கை எடுத்து வையுங்கள்.

சாப்பாடு கொடுப்பதானால் சமைப்பவரின் மருத்துவச் சான்று, இலையான் நுழையாத சமையலறை, குப்பை அகற்றும் ஒழுங்கு ஆகியவற்றையும் கேட்பார். நுளம்பு பெருகும் சிரட்டை, டயர், அடைபட்ட பீலி எல்லாம் வளவில் இருந்தால் அது தனி வழக்கு. வெறுங்கையோடு அவரை அனுப்பக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். வீடு சுத்தமாக இருந்தால் ஒரு தேத்தண்ணி போதும்.

நானா, உல்லையில சீசன் நாலஞ்சு மாசம்தானே இரிக்கி. அந்த மாசங்களுக்கு மட்டும் எடுக்க ஏலாதா?

ஏலாது. சபையின் அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31உடன் முடிவது. நவம்பரில் எடுத்தாலும் ஜனவரியில் திரும்பக் கட்ட வேண்டும். அலைச் சறுக்குக்காரர் சித்திரை, வைகாசியில் வரத் தொடங்கிப் புரட்டாசி, ஐப்பசியோடு போகிறார்கள். பாசிக்குடாவில் கடல் அமைதியாக இருப்பதும் கிட்டத்தட்ட அதே காலம். ஆகவே கடதாசி வேலையை மாரிக்குள் முடித்து, ஜனவரியில் சபையில் கட்டி, தை, மாசியில் அதிகார சபையின் பரிசோதனைக்குத் தயாராக இருப்பதே கணக்கு. மாரி நடுவில் உத்தியோகத்தர் வந்தால், சுவரில் ஊறும் ஈரத்தையும் முற்றத்து வெள்ளத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

வரி எவ்வளவு போகும்?

சுற்றுலா அபிவிருத்தி வரி மொத்த வருமானத்தில் 1 வீதம், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு. அதிகார சபையில் பதிந்த தங்குமிடத்துக்குப் பிரதேச சபை எடுக்கும் அனுமதிக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி அது முந்திய வருட வருமானத்தின் 1 வீதத்தைத் தாண்டக் கூடாது. சோலை வரி வழக்கம்போல்.

வருமான வரியில் 2025 ஏப்ரல் 1இல் இருந்து தனிநபர் விலக்கு வருடத்துக்கு 18 லட்சம் ரூபா. இது இங்கு வதிபவர்களுக்கும் வெளிநாட்டில் உள்ள இலங்கைக் குடிமக்களுக்கும் உரியது. குடியுரிமை விட்டுவிட்டு வெளியே இருப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. கட்டாரில் இருக்கும் தம்பியும் கனடாவில் இருக்கும் அண்ணனும் ஒரே வாடகைக்கு வேறு வேறு வரி கட்டுவது இதனால்தான். இன்னொன்று, பிரித்தானியா, கனடா, சுவிஸ் போன்ற நாடுகளில் வதிபவர்கள் ஊர் வாடகையை அங்கேயும் காட்ட வேண்டும். அந்த நாடுகளோடு இலங்கைக்கு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்கள் உண்டு. இங்கே கட்டிய பற்றுச்சீட்டுகளைக் கவனமாக வையுங்கள்.

கரண்ட் பில் கூடுமா?

வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் தொழில் நடத்தக் கூடாது. சுற்றுலா அதிகார சபை அங்கீகரித்த தங்குமிடங்களுக்கு ஹோட்டல் கட்டணம் என்று தனி வகுப்பு இருக்கிறது. உரிமம் கைக்கு வந்ததும் மின்சாரச் சபையில் கேளுங்கள்.

பியர் வச்சிக் குடுக்கலாமா?

விற்கக் கூடாது. மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேறு, இது வேறு. விருந்தாளி வாங்கி வந்து தன் அறையில் குடிப்பது அவர் பாடு. ஆனால் கோயில், பள்ளிவாசல் பக்கத்து வீடுகளில் அதையும் முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடுங்கள். நீச்சல் உடையோடு தெருவில் நடப்பதையும் சேர்த்துத்தான். ஊரார் ஒப்பமிட்டு ஒரு முறைப்பாடு கொடுத்தால், பத்து வருட உறவும் சேர்ந்து கெடும். பாணமைப் பக்கம் வீடு உள்ளவர்கள் இன்னொரு வரி எழுத வேண்டும்: இருட்டியபின் மோட்டார் சைக்கிளில் திரிய வேண்டாம், யானை வரும்.

பதியாமலே ஏர்பிஎன்பியில போட்டா ஆரு கேக்கப்போறா?

சில காலம் யாரும் கேட்காமல் இருக்கலாம். பிறகு கேட்பவர் பெரும்பாலும் அதிகாரி அல்ல, அதே தெருவில் வரி கட்டி நடத்தும் பக்கத்து வீட்டுக்காரர். இணையத்தில் உங்கள் வீட்டின் படமும் விலையும் வரைபடமும் இருக்கும்போது மறைக்க என்ன இருக்கிறது?

2024 ஒக்டோபரில் அறுகம்பைக்குப் போக வேண்டாமென்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தபோது அங்கே பொலிஸ் பாதுகாப்பு ஒரே நாளில் இறுகியது. அப்படியான நேரத்தில் யார் எந்த வீட்டில் தங்குகிறார் என்பதுதான் முதல் கேள்வி. பாஸ்போட் விபரம் எழுதிய பதிவேடும் சுவரில் உரிமமும் உள்ளவர் அதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்வார். மற்றவர் அம்மாவைப் பொலிஸுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

வீட்டை ஒராளுக்கு அஞ்சு வருசக் குத்தகைக்குக் குடுத்து, அவர் நடத்தினா எனக்குத் தலையிடி இல்லத்தானே?

பாதித் தலையிடி குறையும். நடத்துபவர் அவர் என்றால் உரிமம் அவர் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் அம்மா பெயரில் எடுத்த ஹோம்ஸ்டே உரிமத்தை அவர் கையில் கொடுத்துவிட முடியாது. அம்மா வீட்டை விட்டுப் போனதுமே அந்த வகையும் பொருந்தாது. அவர் புதிதாக, முழு வீட்டுக்கான வகையில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய வெள்ளைத் தாள் நீதிமன்றத்தில் நிற்காது. பெர்மிட் காணி என்றால் இந்தப் பேச்சே எடுக்க முடியாது, மேலே சொன்ன காரணத்தால்.

குத்தகையில் மூன்று விடயங்களைக் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் சுவர் இடிக்கவோ கட்டவோ கூடாது. வரியும் மின்கட்டணமும் அவர் பொறுப்பு, பற்றுச்சீட்டு மாதாமாதம் உங்களுக்கு வர வேண்டும். ஆவணித் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ நீங்கள் ஊர் வரும்போது ஓர் அறை உங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவதைக் கேட்டுச் சிரித்தவர்கள், பிறகு சொந்த வீட்டுக்கு முன்னால் காசு கொடுத்து அறை எடுத்திருக்கிறார்கள்.